நடிகைக்கு உம் கொட்டியவள்

பாசல் நகரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உடுப்புத் தோய்க்க ஒரு நாள் உண்டு. எங்களுக்குச் செவ்வாய். நிலக்கீழ் சலவை அறையின் திறப்பு திங்கள் மாலை எங்கள் கைக்கு வரும், செவ்வாய் மாலை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சுவிசில் கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவார்கள், மற்றவருடைய தோய்க்கிற நாளில் கை வைத்தவரை மன்னிக்க மாட்டார்கள். வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்த நான், சில வருடங்களில் இந்த ஊர்க்காரரையும் மிஞ்சிவிட்டேன். அதனால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை கூடையும் கையுமாகக் கீழே இறங்கியபோது ஆள் சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

சத்தம், பக்கத்தில் உடுப்புக் காயவிடுகிற அறையிலிருந்து வந்தது. ஒரு பெண் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார். "நான் அவனைக் கொல்லேல்லை. டொக்டரைக் கூப்பிடேல்லை, அவ்வளவுதான்."

கோபம் அங்கேயே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். மேல்மாடிப் பல்வைத்தியரின் மனைவி, வீட்டுச் செருப்போடு, கவிழ்த்து வைத்த ஒரு கூடைக்கு முன்னால் நின்று அதற்குத்தான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்டில் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம். என்னைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் வாய்த் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒன்றுதான். என்னைவிட இருபது வயது மூத்தவர் என்றபடியால் 'நீர்' என்று வைத்துக்கொள்வோம்.

"பொலிசுக்குச் சொல்லிப்போடாதேயும். நான் நடிகை" என்றார்.

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றேன் நான். பயந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

மேலே வீட்டில் வசனம் பேசிப் பழக முடியாதாம். கீழ் வீட்டுக்காரர் கட்டட நிர்வாகத்துக்கு அறிவித்துவிடுகிறார். கணவரோ நாள் முழுக்கப் பிறருடைய திறந்த வாய்களையே பார்த்துவிட்டு வருகிறவர், வீட்டிலாவது எல்லா வாயும் மூடியிருக்கட்டும் என்று நினைக்கிறார். ஆகவே இங்கே இறங்கி வந்தேன், தொங்குகிற படுக்கை விரிப்புகள் யாரிடமும் முறையிடுவதில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினைப் போட்டுவிட்டு, அந்தக் கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அடுத்த செவ்வாயும் அவர் வந்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை செய்துகொண்டிருந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வுதான். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலம் கொஞ்சம் மிச்சமிருந்தது. உண்மையைச் சொன்னால் என் ஆங்கிலம் அவருக்கு விளங்கியது, அவருடையதுதான் எனக்கு விளங்கவில்லை. ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தில் ரகரம் வந்தால் அது வழி முழுக்க உருண்டுகொண்டே போகும். ஒரு மாதம் போனபின்தான் அவருடைய சொந்தக் கதை எனக்கு ஒழுங்காக விளங்கத் தொடங்கியது.

கப்பல் கட்டுகிற ஊரில் பிறந்தவர். தகப்பன் இரும்பு ஒட்டுகிற தொழிலாளி. மகள் நாடகக் கொம்பனியில் சேரப்போகிறேன் என்றதும், பொய் சொல்லிப் பிழைப்பதென்றால் அரசியலுக்காவது போயிருக்கலாமே என்றாராம். அந்தக் கொம்பனியில் வாரத்துக்கு ஒரு நாடகம். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, மாலையில் இந்த வார நாடகம். ஒருமுறை மாமியாராக மேடையேறிய இவர் அடுத்த வாரத்து வேலைக்காரியின் வசனத்தைச் சொல்லி, மருமகனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாராம். சனம் கைதட்டியதாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மெஷின் நின்றதுகூடத் தெரியவில்லை.

பிறகு தொலைக்காட்சி. ஒரு கிராமத்துத் தொடரில் சைக்கிளில் வீடு வீடாகப் போகிற தாதி வேடம். பல வருடங்கள் அந்தத் தாதியாகவே இருந்தார். பஸ்ஸில் ஏறினால் சனம் காற்சட்டையை மடித்து முழங்கால் வீக்கத்தைக் காட்டுமாம். முதலில் நான் தாதியில்லை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பாததால், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டார். நாற்பது வயதானதும் தொடர் எழுதுகிறவர்கள் அந்தத் தாதியைச் சைக்கிளோடு ஆற்றுக்குள் தள்ளிவிட்டார்கள். மறுநாள் இறைச்சிக் கடையில் ஒரு கிழவர் இவருடைய கையைப் பிடித்து, நீங்கள் செத்துப்போனது மிகவும் கவலை என்றாராம்.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். சிரிக்காமல் சொன்னது ஒன்றே ஒன்று. தாதி செத்தபிறகு பெரிய மேடையொன்றில் நல்ல பாத்திரம் கிடைத்திருக்கிறது. ஒருநாள் நாடகத்தின் நடுவில் அடுத்த வசனம் வரவில்லை. அது மட்டுமில்லை, எந்த வசனமும் வரவில்லை. திரைக்குப் பின்னால் அடியெடுத்துக் கொடுக்க இருந்த ஆள், அவர் வேண்டுமென்றே நிறுத்தி நடிக்கிறார் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். இவர் நின்றார், நின்றார், கடைசியில் திரையை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மேடையேறவில்லை. நாய்த் தீனி விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தார். விடுமுறைக்கு ரயிலில் போனபோது ஒரு சுவிஸ் பல்வைத்தியரைச் சந்தித்தார், கட்டிக்கொண்டார், பாசலுக்கு வந்து மருந்துக் கொம்பனிக்காரருக்கு ஆங்கில இலக்கணம் படிப்பித்தார். பதினைந்து வருடம் அப்படியே போய்விட்டது.

இப்போது பழைய நகரப் பக்கத்தில் ஒரு நிலவறை அரங்கத்தில் மூன்று மாலைகளுக்கு நடிக்க அவருக்கு ஒரு நாடகம் வந்திருக்கிறது. ஒரே ஒரு நடிகை. தீவொன்றில் இருக்கிற ஒரு பெண்; குடிகாரப் புருசன் படியால் விழுந்துவிடுகிறான், அவள் விடியும்வரை வைத்தியரைக் கூப்பிடவில்லை. விசாரிக்க வந்த பொலிஸ்காரன் மேடையில் வெறுங்கதிரைதான். அந்தக் கதிரைக்கு அவள் முழுக் கதையையும் சொல்லவேண்டும்.

"இந்தமுறையும் நடுவிலை நிண்டுட்டன் எண்டால், இனி நான் நடிகை எண்டு எனக்கே சொல்லிக்கொள்ள ஏலாது" என்றார். விரிப்பு மடிக்க உதவிக்கொண்டிருந்தவர், மடிப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆக, பொலிஸ்காரன் நான். மடியில் நாடகப் பிரதி. அவர் தவறினால் எடுத்துக் கொடுக்க வேண்டியது. மூன்றாம் செவ்வாயே சண்டை வந்துவிட்டது. நான் பிழையாக எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. உம் கொட்டினேன், அவ்வளவுதான். ஒரு மனிசி எதிரில் இருந்து, மழை பெய்தது, அவன் குடித்துவிட்டு வந்தான் என்று கதை சொன்னால், தமிழ் வாய் எப்படிச் சும்மா இருக்கும்? மழை பெய்தது, உம். அவன் வந்தான், உம். கதை சொல்கிறவருக்கு உம் கொட்டாவிட்டால் அது மரியாதைக் குறைவு, நித்திரை கொள்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள். அவருக்கு இது ஒன்றும் தெரியாது. இரண்டு செவ்வாய் பொறுத்தார். மூன்றாவதில் நடுவில் நிறுத்தி, மாட்டுக்கு முன்னால் நடிக்கிற மாதிரி இருக்கிறது, தயவுசெய்து அந்தச் சத்தத்தை நிறுத்தும் என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிரதியை அவர் கையில் கொடுத்து, ஈர உடுப்பை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். வீடு முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டேன். கணவர் வேலையால் வந்து, தொங்குகிற காற்சட்டைகளுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்தார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாய்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த கிழமை நடிகையே எங்கள் கதவைத் தட்டினார். என்னைப் போலவே பிடிவாதக்காரி, மன்னிப்பு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. தன் கணவரை எதிரில் இருத்தி வசனம் சொல்லிப் பார்த்தாராம், அந்த மனிசன் சுவிஸ் மரியாதைப்படி கையைக் கட்டி மூச்சு விடாமல் கேட்டாராம். அவள் புருசன் விழுந்து கிடக்கிற படியடிக்கு இறங்கி வருகிற இடத்தில் வசனம் எல்லாம் மறந்து போய்விட்டதாம். மறுநாளும் அதே இடம். எனக்கு முன்னால் ஒருமுறைகூட அங்கே நிற்கவில்லையே என்று அப்போதுதான் யோசித்தாராம்.

"அந்த மாட்டுச் சத்தத்தைத் திரும்பப் போடும்" என்றார்.

நான் உடனே இறங்கிவிடவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்து, அது மாட்டுச் சத்தமில்லை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீர் சொல்லும் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கிற சத்தம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தானும் ஒருமுறை உம் என்று சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை, பல்லுக் கொதிக்காரர் முனகுவதுபோல இருந்தது. சரி, பல்வைத்தியர் வீடுதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு நன்றாகத்தான் போனது. இடைஞ்சல் நாடக நெறியாளரிடமிருந்து வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த இளம் பிள்ளை, கறுப்புச் சட்டையைத் தவிர வேறு உடுத்து நான் கண்டதில்லை. நடிகை ஒத்திகைக்கு என்னைக் கூட்டிப் போனபோது, நெறியாளர் மரியாதையாகக் கைகொடுத்து, இந்தக் காலத்து அரங்கில் அடியெடுத்துக் கொடுக்கிற ஆள் கிடையாது என்றார். முன்வரிசையில் இருக்கலாம், பிரதி கூடாது, சத்தம் கூடவே கூடாது. இந்த நாடகத்தின் உயிரே அமைதிதான் என்று கையால் காற்றைத் தடவிக் காட்டினார். நடிகை என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். சத்தமில்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டோம்.

அந்த அமைதியை உயிராக நினைத்தவர் முதல் நாள் நெருங்க நெருங்க வேறு அமைதியைக் கண்டு கலங்கிப்போனார். ரிக்கற் விற்றுப் போகவில்லை. ஆங்கில நாடகம், பெயர் தெரியாத நடிகை, வெளியே நல்ல வெயில், பாசல்காரர் எல்லாம் நீந்த ரைன் ஆற்றுக்குள். பாதி அரங்கம் வெறுமையாகக் கிடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தமிழ் ஆட்களுக்குத் தொலைபேசியைச் சுழற்றினேன். நாடகம் முடிய ரோல்ஸும் வடையும் தருவதாகச் சொன்னேன். அரைமணி நேரம் முந்தியே தொடக்கம் என்றும் சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு நேரம் சொல்கிற முறை அதுதான்.

சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கலியாண வீட்டுக்கு வருகிற மாதிரிப் பட்டுச்சேலையும் சங்கிலியும். வேலையிடத்து ஜெர்மன் மொழியைத் தவிர பலருக்கு ஆங்கிலம் மருந்துக்கும் கிடையாது. ஆனபடியால் வாசலில் நின்றே கதையை நான்கு வசனத்தில் சொல்லிக் கொடுத்தேன். ரெஸ்ற்ரோறன்ற் ஒன்றில் கோப்பை கழுவுகிற எங்கள் அண்ணை ஒருவர், புருசன்காரன் எத்தனை படியால் விழுந்தவன் என்று கேட்டார். அது நாடகத்தில் இல்லை என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. எல்லாரையும் பின்வரிசைகளில் இருத்திவிட்டு நான் முன்னால் வந்து, வெறுங்கதிரைக்கு நேரே உட்கார்ந்தேன்.

விளக்கு வந்ததும் அவர் வந்தார். நன்றாகத் தொடங்கினார். மழை, தீவு, குடிகாரன். நான் தலையை ஆட்டினேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஆட்டினேன். கழுத்து நோகத் தொடங்கியது. படியடி வந்தது. 'நான் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்' என்று சொன்னார். நின்றார்.

அது நடிப்பில்லை. கைவிரல்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டதை நான் கண்டேன். அடுத்த வசனம் எனக்குத் தெரியும், செவ்வாய்க்குச் செவ்வாய் கேட்ட வசனம். எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை. உம் கொட்டவாவது பார்த்தேன், அதுவும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முன்பு அந்தப் பெரிய மேடையில் அவர் நின்றதுபோல இப்போது இரண்டு பேருமே நின்றுவிட்டோம். சுற்றியிருந்த சுவிஸ்காரர் மிகவும் மரியாதையாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நெறியாளர், தன் அமைதி எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று பூரித்துப்போய் இருந்தார். திரை இருந்திருந்தால் நானே போய் இறக்கியிருப்பேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு உம் வந்தது. பெண்குரல். இன்னொரு உம். பிறகு அண்ணையின் குரல், தெளிவாக, கோப்பை கழுவுகிற இடத்தில் மெஷின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல்.

"பிறகு?"

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நெறியாளர் தலையில் கைவைத்தார். மேடையில் நடிகையின் தோள்கள் இறங்குவதைக் கண்டேன். அந்தச் சொல்லின் கருத்து அவருக்குத் தெரியாது, ஆனால் கேட்கப்பட்டது கேள்வி என்று தெரிந்தது. பொலிஸ்காரன்தான் கேட்டான் என்பதுபோலக் கதிரைப் பக்கம் திரும்பினார்.

"அவன்ரை கண் திறந்திருந்தது" என்று சொன்னார். அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. எங்கள் ஆட்களும் நிற்கவில்லை, முடியும்வரை உம் கொட்டித் தள்ளினார்கள்.

வெளியே வடைத் தட்டோடு நின்ற அண்ணையிடம், ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று கேட்டேன். நான் கோபிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

"மனுசி பாதியிலை நிண்டிட்டா, தங்கச்சி. சொல்லுற ஆள் நிண்டால் கேக்கிறவைதானே தள்ளிவிடோணும்" என்றார்.

நெறியாளர் அண்ணையைத் தேடி வந்து, நாளைக்கும் நாளன்றைக்கும் அதே இடத்தில் அதே சொல்லைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அது தன்னுடைய யோசனை என்றே ஒரு பத்திரிகைக்காரரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணைக்கு மற்ற இரண்டு நாளும் மாலை வேலை. வேலைதான் முக்கியம், நாடகம் பிறகு என்று சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் எங்கள் ஆட்கள் யாருமில்லை. நான் காலையிலிருந்தே இஞ்சித் தேநீர் குடித்துத் தொண்டையைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். நெறியாளர் என்ன சொன்னாலும் சரி, இன்றைக்கு விடப்போவதில்லை. படியடி வந்தது, அவர் நின்றார், நான் உம் என்றேன். அதே நேரம் அவரும் வசனத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டும் முட்டிக்கொண்டன. அவர் நின்றது உண்மையாகவே நடிப்புக்காகத்தான், எனக்குத்தான் பொறுமையில்லை. உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போனபோது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வாசலில் நடிகை என் கையில் ஒரு ரிக்கற்றைத் தந்தார். பார்த்தால் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்துக் கதிரை. விளக்கு எரிந்தால் மேடையிலிருந்து அந்த இடத்தைக் காணவே முடியாது. அதைச் சொன்னேன்.

"ஓம், தெரியும்" என்றார். "இண்டைக்கு நீர் சும்மா இருந்து நாடகம் பாரும்."

எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. இத்தனை செவ்வாய்க்கிழமை கூடவிருந்தவளைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டாரே என்று மனதுக்குள் முறுகிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். முதற் பத்து நிமிடம் வசனத்தை எண்ணிக்கொண்டு முன்னால் ஓடினேன், படியடி வருகிறது, வருகிறது என்று. பிறகு மேடையில் நின்ற அந்தத் தீவுப் பெண்ணைப் பார்த்தேன். அவள் என் மேல்மாடிக்காரியைப் போல இல்லை. குள்ளமாக இருந்தாள், நடையில் ஒரு பக்கம் சரிவு இருந்தது, புருசனைச் சபிக்கிற நேரத்திலும் அவனுடைய சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளை நான் முதல் இரண்டு நாளும் பார்க்கவேயில்லை. விரல்களையும் வாயையும் காவல் காத்துக்கொண்டிருந்த எனக்கு முகத்தைப் பார்க்க எங்கே நேரம்? டொக்டரைக் கூப்பிடாதே என்று நானே மனதுக்குள் சொன்னேன். பக்கத்துச் சுவிஸ்காரர் கைக்குட்டையை எடுத்தார், எனக்கும் ஒன்று நீட்டினார். அதை வாங்கி மூக்கைத் துடைக்கும்போதுதான், மேடையில் விடிந்திருப்பதையும் அவள் கதவைத் திறந்துகொண்டு நிற்பதையும் கண்டேன். படியடி எப்போது வந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை.